காசோலையின் பின்பக்கம் எழுதியது

வடசேரியில் நாங்கள் சாமான் வாங்கும் பலசரக்குக் கடையில் எனக்கு எப்போதும் இரண்டு பற்று உண்டு. மாதச் சாமானுக்கு ஒன்று. கிறிஸ்மஸ், கல்யாணம் போன்ற விசேஷங்களுக்கு வாங்குவது இன்னொன்று. சம்பளம் வந்ததும் பணத்தைக் கொண்டுபோய் இதில் ஆயிரம் கிறிஸ்மசுக்கு, மிச்சம் மாதத்துக்கு என்று சொல்வேன். கடைக்காரர் மறுபேச்சு பேசாமல் நான் சொன்ன பக்கத்தில் வரவு வைப்பார். பணம் என்னுடையது, அதை எந்தக் கடனில் வைப்பது என்று சொல்கிற உரிமையும் என்னுடையதுதான் என்று நாற்பது வயது வரை நம்பியிருந்தேன். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் இப்படி நம்பியதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

அப்போது நான் நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கட்டணம் வாங்கும் கவுண்டரில் இருந்தேன். கெடு தாண்டினால் நாள் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய் அபராதம். வாங்க வேண்டியவன் நான். எனக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தாளாளர் உட்கார்ந்திருப்பார். நான் யாருக்காவது இரக்கம் காட்டுகிறேன் என்று தோன்றினால் எழுந்து வந்து, பெற்றோர் முன்னாலேயே, இது உம்ம அப்பன் வீட்டுக் காலேஜா என்று கேட்பார். பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து ஒருவர் மகனுக்குக் கட்டணம் கட்ட வருவார். ரப்பர் பால் வெட்டுகிற வேலை. தொடர்ந்து மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. ஒவ்வொரு தவணையும் பத்து நாள் பிந்தித்தான் வருவார், ஒவ்வொரு தவணையும் ஐந்நூறு ரூபாய் அபராதம் வாங்குவேன். வாங்கிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் ரசீதைக் கிழிப்பேன்.

அந்த வேலையை விடவேண்டும் என்று நான் நினைக்காத நாள் இல்லை. எங்கள் சபையில் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் ஒருவர், அவருடைய பழைய குமாஸ்தா அடுத்த வருடம் மார்ச்சோடு நிற்கிறார், ஏப்ரல் ஒன்றாம் தேதி வந்து உட்காரும் என்று என்னிடம் சொன்னார். கல்லூரியில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு வாங்கினேன். அவர் தருவது இரண்டாயிரம் குறைவு. ஆனால் அங்கே யாரும் யாரையும் சத்தம் போடுவதில்லை. அன்றே ராஜினாமாக் கடிதம் எழுதி, தேதியை மட்டும் விட்டுவிட்டு, மேசை இழுப்பறையில் ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் வைத்தேன்.

தேதி போட முடியாததற்குக் காரணம் என் சட்டைப் பையில் இருந்த கிரெடிட் கார்டு. 2005இல் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து திருவனந்தபுரம் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் பணம் கேட்டபோது அக்காவும் என் பக்கத்தில்தான் நின்றாள். பாதி நான் தருகிறேன் என்றாள். நான் பாத்துக்கிடுவேன் என்று சொல்லி, அவள் பார்க்கக் கார்டை எடுத்து நீட்டினேன். அது போதாமல் என் மனைவியின் வளையல்களும் கூட்டுறவு வங்கிக்குப் போயின. அப்பா பிழைத்தார். அதன்பின் மூன்று வருடம் இருந்தார்.

கார்டுக் கடன் மட்டும் அசையவில்லை. மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்குப் பக்கத்தில் வட்டி. கணக்குத் தாளில் தசமப் புள்ளியோடு இருந்த அந்த எண்ணை ஆரம்பத்தில் வருட வட்டி என்று நினைத்திருந்தேன், இதையும் வெட்கத்தோடு சொல்லிவைக்கிறேன். மாதாமாதம் கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை இரண்டாயிரத்து நூறு. அதில் ஆயிரத்து இருநூறுக்கு மேல் வட்டிக்கே போய்விடும். கொஞ்சம் இறங்கினால் மகளின் பள்ளிக்கூடக் கட்டணம் வரும், நானே மறுபடி ஏற்றிவிடுவேன். இரண்டு வருடம் கட்டியும் கடன் நாற்பத்திரண்டாயிரத்தில் நின்றது. ஆடிட்டர் குறைத்துத் தருகிற இரண்டாயிரமும் நான் கட்டுகிற இரண்டாயிரத்து நூறும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கடன் தீர்ந்தால் அன்றைக்கே கிளம்பிவிடலாம்.

2007 ஏப்ரலில் இன்னொரு வங்கியின் ஆள் கழுத்தில் டை கட்டிக்கொண்டு கல்லூரிக்கு வந்தான். எங்கள் கார்டு வாங்குங்கள், உங்கள் பழைய கார்டுக் கடனை நாங்களே அடைத்து எங்கள் கார்டுக்கு மாற்றிக்கொள்கிறோம், ஒரு வருடத்துக்கு மாதம் நூற்றுக்கு முக்கால் ரூபாய் வட்டி என்றான். மாற்றுவதற்குக் கட்டணமாக ஒரு சிறு தொகை. அன்று மத்தியானம் சாப்பிடாமல் கணக்குப் போட்டேன். மாதம் மூவாயிரத்து எழுநூறு விடாமல் கட்டினால் பன்னிரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். என் மனைவி நர்சரிப் பள்ளியில் வாங்கும் மூவாயிரத்தையும் சேர்த்துக்கொண்டால் வீட்டை எப்படியோ ஓட்டலாம். மார்ச் கடைசியில் கடன் பூஜ்யம், ஏப்ரல் ஒன்று ஆடிட்டர் ஆபீஸ். கணக்கில் பிழையே இல்லை. இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் சரியாகத்தான் வருகிறது.

கார்டு வந்தது, கடன் மாறியது. அடுத்த மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம்.

எங்கள் பக்கத்தில் விசேஷ வீட்டில் உறவினர்கள் வைக்கும் பணத்துக்கும் நகைக்கும் சுருள் என்று பெயர். யார் என்ன வைத்தார் என்று நோட்டில் எழுதுவார்கள். அவர்கள் வீட்டில் விசேஷம் வரும்போது அதைக் கொஞ்சம் கூட்டித் திருப்பி வைக்கவேண்டும். விசேஷம் இல்லாத நாளில் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் உனக்கும் எனக்கும் இனி ஒன்றுமில்லை என்று அர்த்தமாகிவிடும். கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன் சுருள்தான் முதலில். எத்தனை பேர் காத்து நின்றாலும் நான் வைத்த பிறகுதான் மற்றவர்கள் வைக்கலாம். என் மகளின் ஞானஸ்நானத்துக்கு அக்கா ஒரு பவனில் வளையல் போட்டிருந்தாள். அப்படியானால் நான் இரண்டு பவன் போடவேண்டும்.

ஒரு பவன் போதாதா என்று என் மனைவி நகைக்கடைப் படியில் நின்று கேட்டாள். நம் நிலைமை அக்காவுக்குத் தெரியாதா என்றும் கேட்டாள். தெரியக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டு பவன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. இரண்டு பவனில் ஒரு சங்கிலி, கூலி சேதாரத்தோடு பதினெட்டாயிரத்து நானூறு. புதுக் கார்டில் அவ்வளவுக்கு இடம் இருந்தது. முக்கால் வட்டிக் கார்டுதானே, சங்கிலிக்கும் முக்கால் வட்டிதானே என்று நினைத்துக் கார்டைத் தேய்த்தேன். சங்கிலிக் கடனை இரண்டாவது பற்று மாதிரித் தனியாக வைத்துக்கொண்டு அடைத்துவிடலாம் என்று ஒரு எண்ணம். கடைப் பெண் பில்லையும் கார்டுச் சீட்டையும் சேர்த்து மடித்து, நகைப்பெட்டியின் அடித்தட்டுக்குக் கீழே சொருகிக் கொடுத்தாள்.

கல்யாணத்தில் எல்லோரும் பார்க்க அந்தச் சங்கிலியை மருமகள் கழுத்தில் போட்டேன். நோட்டில் தாய்மாமன் இரண்டு பவன் என்று முதல் வரியில் எழுதினார்கள். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் மாதக் கணக்கில்தான் சங்கிலி தனி வரியாக வந்தது, அதற்கு எதிரே பழைய மூன்று ரூபாய் வட்டி நின்றது. மாற்றிவந்த பழைய கடனுக்கு மட்டும்தான் முக்கால் ரூபாய். புதிதாக வாங்குவதற்கு வாங்கிய நாளிலிருந்தே முழு வட்டி. இது அந்த டைக்காரன் கொடுத்த தாளிலேயே எறும்பு சைஸ் எழுத்தில் இருந்திருக்கிறது. நான் பெரிதாகக் கலங்கவில்லை. முதலில் சங்கிலியை அடைத்துவிட்டால் போயிற்று என்று தீர்மானித்து, அந்த மாதக் காசோலையின் பின்பக்கம், கடைக்காரரிடம் சொல்கிற மாதிரியே, இந்தத் தொகையைச் சங்கிலிக் கணக்கில் வரவு வைக்கவும் என்று தமிழில் எழுதி, கையெழுத்தும் போட்டு, வங்கியின் காசோலைப் பெட்டியில் போட்டேன். ஜூலையிலும் அப்படியே எழுதினேன். அந்த மாதம் எழுத்து கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

ஆகஸ்ட் கணக்கு வந்தபோது பழைய கடன் அழகாக இறங்கியிருந்தது. சங்கிலி ஒரு ரூபாய் குறையாமல், வட்டி ஏறி, பத்தொன்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. கல்லூரிக்கு எதிரே இருந்த டெலிபோன் பூத்திலிருந்து கார்டு வங்கியின் சென்னை ஆபீசுக்குப் போன் போட்டேன். பாட்டு கேட்டுக்கொண்டே கால் மணி நேரம் நின்ற பிறகு ஒரு பெண் வந்தாள். என் பேச்சு அவளுக்கு ஓடவில்லை, நீங்க மலையாளமா சார் என்று கேட்டாள். விஷயத்தை மெதுவாகச் சொன்னேன்.

"சார், நீங்க எவ்ளோ கட்டினாலும் கம்மி வட்டி இருக்கிற பேலன்சுக்குத்தான் முதல்ல போகும். அது முடிஞ்சாதான் அடுத்தது."

"நான் செக்குக்குப் பின்னால எழுதியிருக்கேனே."

"பின்னாடி எல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க சார்."

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் ரிசீவரை அறைந்து வைக்கவேண்டும் போலிருந்தது. பூத்துக்காரன் பார்க்கிறான் என்று போனை மெதுவாக வைத்தேன். சுலபமான கடனை நான் மூச்சுப் பிடித்து அடைக்கவேண்டும். அதுவரை கொடுமையான கடன் யாரும் தொடாமல் உட்கார்ந்து குட்டி போடும். கூடுதலாகக் கட்டி இரண்டையும் முடிக்கலாமென்றால் கையில் காசில்லை. வளையலை வைக்கலாமென்றால் அது ஏற்கெனவே வங்கியில் இருக்கிறது. கார்டை விட்டுவிட்டு ஓடவும் முடியாது. வழியெல்லாம் அடைத்தது நானேதான். அதை யாரிடம் போய்ச் சொல்வது.

அந்த வாரம்தான் பால்வெட்டுக்காரர் மறுபடி வந்தார். கட்டணம் முழுசும் கொண்டுவந்திருந்தார், அபராதத்துக்கு மட்டும் காசில்லை. "சாறே, இதை ஃபீசுல வரவு வச்சுக்கிடுங்க, ஃபைனை அடுத்த மாசம் தந்திருதேன்" என்றார். அப்படி வாங்க முடியாது. எவ்வளவு கட்டினாலும் முதலில் அபராதத்துக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கட்டணத்தில் வைக்கவேண்டும். அப்போது கட்டணத்தில் பாக்கி நிற்கும், அந்தப் பாக்கிக்கு மறுபடி அபராதம் ஓடும். கல்லூரி விதி. ஆறு வருடமாக இதை நான் ஆட்களுக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு முறைகூட இது என்னைத் தொட்டதில்லை. அன்று அவரிடம் விதியைச் சொல்லும்போது அந்தச் சென்னைப் பெண் பேசுகிற மாதிரியே எனக்குக் கேட்டது. ஐந்நூறு ரூபாயை என் பையிலிருந்து போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். போடவில்லை. என் பையிலும் இல்லை.

மார்ச் மாதம் பழைய கடன் சொன்னபடியே தீர்ந்தது. சங்கிலி இருபத்தாறாயிரத்தைத் தாண்டி நின்றது. ஆடிட்டரைப் பார்த்து இன்னும் ஆறு மாதம் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், அதனாலேயே சுற்றி வளைக்காமல் முடியாது என்று சொல்லிவிட்டார். ஏப்ரல் ஒன்றாம் தேதி அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அந்த ஆள் எனக்கு முன்னால் நடந்துபோவார். அவர் மேல் எனக்குத் தீராத வெறுப்பு இருந்தது. அவர் என்ன செய்தார் பாவம்.

அதற்குப் பிறகு நான் மாற்றுவதையே ஒரு தொழிலாகச் செய்தேன். சங்கிலிக் கடனை மூன்றாவது கார்டுக்கு மாற்றினேன். அங்கே சலுகைக் காலம் முடிந்ததும் நான்காவதுக்கு. ஒவ்வொரு முறையும் மாற்றுக் கட்டணம், ஒவ்வொரு முறையும் ஆறு மாதம் மூச்சு விடலாம். இந்த முறை தீர்த்துவிடுவோம் என்று நாட்காட்டியில் தேதியைச் சுற்றி வட்டம் போடுவேன். நடுவில் அப்பாவின் அடக்கச் செலவு வரும், மகளுக்குப் புத்தகச் செலவு வரும், தொகை மறுபடி முப்பதைத் தாண்டும். வட்டி குறைந்தது உண்மை. கடன் குறையவில்லை. இழுப்பறையில் கடிதம் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

செலவுக்குப் பயந்து எங்கள் வீட்டில் விசேஷம் எதுவும் வைப்பதில்லை என்று ஆனது. 2009இல் மாமனார் தந்த பணத்தில் பின்னறைக்குக் கான்கிரீட் போட்டோம். பாஸ்டரை மட்டும் அழைத்து, ஜெபம் பண்ணி, காப்பி கொடுத்து முடித்துவிட்டேன். அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. அவள் மறுநாள் பஸ் ஏறி வந்து வாசலிலேயே நின்று, "எனக்கு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?" என்று கேட்டாள். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். காப்பியைத் தொடவில்லை. அதற்கப்புறம் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. மரியாதை குறைந்துவிட்டதென்று கோபம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கும் கோபம்தான். நான் படுகிற பாட்டில் இவளுக்கு மரியாதை ஒரு கேடா என்று மனைவியிடம் கத்தினேன். அவள் எழுந்து உள்ளே போனாள்.

2012இல் மகளுக்குத் திடப்படுத்தல் வந்தது. பிஷப் வந்து பிள்ளைகளின் தலையில் கைவைத்துச் சபையில் சேர்க்கிற நாள். அதை நான் ஒளித்துச் செய்ய முடியாது, தேதி ஆலயத்தில் எல்லோருக்கும் வாசித்தாகிவிட்டது. முப்பது பேருக்கு வீட்டில் சாப்பாடு வைத்தோம். திடப்படுத்தலுக்குச் சுருள் வைக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. பந்தி தொடங்கும் முன் அக்கா என் மகளை நடுவீட்டுக்கு அழைத்து, கைப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்து, அவள் கழுத்தில் ஒரு சங்கிலியைப் போட்டாள். எனக்கு அதை அடையாளம் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் அத்தையை மாமி என்பார்கள். மாமியின் சுருள், இரண்டு பவன் சங்கிலியும் நூற்றொரு ரூபாயும், நோட்டில் எழுது என்று என் மனைவியிடம் சொன்னாள். சுருள் நோட்டு எடுத்து வைத்திருக்கவில்லை. என் மனைவி ஓடிப்போய் மகளின் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து எழுதினாள். எத்தனை பவன் என்று திருப்பிக்கூடக் கேட்கவில்லை. அவளுக்கு இது முன்பே தெரியும் என்று அப்போது புரிந்தது.

மறுநாள் திங்கட்கிழமை அதை விற்க நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். தங்கம் விலை ஏறிக் கிடந்தது, கடன் முழுக்க அடைந்து கொஞ்சம் மிச்சமும் வந்தது. பெட்டியின் அடித்தட்டைத் தூக்கினேன். பில் இருந்தது. கூட மடித்திருந்த கார்டுச் சீட்டில் எழுத்தெல்லாம் அழிந்து வெறும் வெள்ளையாக இருந்தது. அந்த வாரமே ராஜினாமாக் கடிதத்தில் தேதி போட்டுத் தாளாளரிடம் கொடுத்தேன். காகிதம் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து, இது எந்தக் காலத்துல எழுதினது என்று கேட்டார். ஆடிட்டர் ஆபீஸ் நாற்காலி போனது போனதுதான். வடசேரியில் ஒரு மொத்தக் கடைக்குக் கணக்கு எழுதப் போனேன்.

ஆனால் இதெல்லாம் நடப்பதற்கு முன்பு, அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தி முடிந்து, பின்பக்கம் குழாயடியில் அக்கா கை கழுவும்போது நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். கல்யாணத்தன்று ராத்திரி நகைகளை எடுத்துவைக்கும்போதே கார்டுச் சீட்டைப் பார்த்துவிட்டேன் என்றாள். திருவனந்தபுரத்தில் பழைய கார்டை நீட்டும்போது பக்கத்தில் நின்றவள் அவள்தான், கார்டுச் சீட்டு என்றால் கடன் என்று அவளுக்குத் தெரியும். என் மனைவியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். மருமகள் கல்யாணத்தன்று போட்டதோடு சரி, பிறகு ஒரு நாளும் அந்தச் சங்கிலியைக் கழுத்தில் போடவில்லையாம். நான் ஒரு விசேஷம் வைப்பேன், கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று ஐந்து வருடம் காத்திருந்திருக்கிறாள். பின்னறை ஜெபத்துக்கு மறுநாள் வந்தபோதும் அது கைப்பைக்குள்தான் இருந்திருக்கிறது.

ஐந்து வருடமாக நான் கட்டிய வட்டி, போன நாற்காலி, கவுண்டரில் வாங்கிய அபராதங்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"நேரா என் கையில தந்திருக்கப்பிடாதாக்கா?" என்றேன்.

அவள் குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தந்தா நீ வாங்கியிருப்பியாலே?"

நான் குழாயை மறுபடி திறந்து, ஏற்கெனவே கழுவியிருந்த கையை இன்னொரு தடவை கழுவினேன்.